கூட்டு ரோட்டில் நின்ற வண்டி

ஓசூர்
8.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கதிர்வேல் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். இதை மட்டும் படித்துவிட்டுக் கிழி.

அத்தானை எடுத்துக்கொண்டு போன அன்று தெருவே கேட்க நீ சொன்னாய்: "இனிமே உன் மூஞ்சில முழிக்கமாட்டேன். உன் கொரலு என் காதுல விழக் கூடாது." இரண்டு வருஷமாக நான் அதை மீறவில்லை. துர்கா எப்போதாவது போன் செய்தால்கூட, பக்கத்தில் நீ இருக்கிறாயா என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். கடிதத்துக்கு மூஞ்சியும் கிடையாது, குரலும் கிடையாது. அதனால் எழுதத் துணிந்தேன்.

எதிர்வீட்டுச் சுகாசினி சொன்னாள். ஸ்டேஷன் வாசலில் கிடந்த அத்தான் வண்டியை மனுப் போட்டு எடுத்துவிட்டாயாம். பின்பக்கம் நசுங்கியதை வெல்டிங் பட்டறையில் நிமிர்த்தியாகிவிட்டதாம். துர்கா அதில்தான் ஏனாத்தூர் காலேஜுக்கு வேலைக்குப் போகப் போகிறாளாம். கேட்டதும் கடையில் பிரித்துப் போட்ட வண்டியை அப்படியே விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா, அந்த வண்டி ஆக்சிலேட்டரை விட்டால் அணைந்துவிடும். அன்றைக்குக் கூட்டு ரோட்டைத் தாண்டும்போது நடுரோட்டில் வண்டி தானாக நின்றது என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். வண்டியைச் சோதித்தவர் பிரேக்கையும் லைட்டையும் பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நான் போன் பேசிக்கொண்டே லாரிக்கு முன்னால் நுழைந்தேன் என்று டீக்கடையில் எவனோ சொன்னான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. நீயும் பிடித்துக்கொண்டாய்.

சரி, அது போகட்டும். கோளாறு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதைச் சரிபார்க்காமல் உன் பெண்ணை ஏற்றி அனுப்பாதே. நம் தெரு மெக்கானிக் யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாக எழுதுகிறேன். நீயே செய்யலாம். பட்டு இழையில் முடிச்சுப் போடுகிற கைக்கு ஸ்க்ரூ டிரைவர் பெரிய காரியமில்லை.

துர்காவுக்கு வரன் வந்திருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். அதைப் பற்றிக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீ கேட்பாய். கேட்கவில்லை.

உன் தம்பி
கதிர்வேல்


ஐயம்பேட்டை
17.9.2024

கதிர்வேலுக்கு,

கிழிக்கவில்லை. கிழித்தால் கூட்டித் தள்ளுகிற வேலை எனக்குத்தானே.

சுகாசினிக்கு நாக்கில் எலும்பில்லை என்று தெரியும். ஓசூர் வரைக்கும் நீளும் என்று தெரியாது. அவள் சொன்னது உண்மைதான். வண்டி வாசலில் நிற்கிறது. விற்றுவிடலாம் என்றுதான் எடுத்தேன். வாங்க வந்தவர் உட்கார்ந்து மிதித்தார், மிதித்தார், வேர்த்து ஊற்றியது, இறங்கிப் போய்விட்டார். துர்காவோ ஷேர் ஆட்டோ மாறி மாறிப் போய்த் தினமும் வேலைக்குத் தாமதமாகிறாள். "அப்பா வண்டிமா, நானே வெச்சுக்கிறேன்" என்கிறாள். அவளிடம் நான் எதைச் சொல்ல?

மெக்கானிக் சாமுவேல் ஒருநாள் வந்து பார்த்தார். மொத்தமாக இறக்கி வேலை பார்க்க வேண்டும், வண்டியைக் கடையில் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். எனக்கு மனசு வரவில்லை. அவரை அடித்த வண்டிதான். ஆனாலும் அவருடைய வண்டி.

நீ சொல்கிறபடி செய்து பார்க்கிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டியைப் பற்றி மட்டும் எழுது. அன்றைக்கு அது தானாக நின்றது என்ற கதையை மறுபடி எடுக்காதே. ஓட்டியவன் நீ. செத்தவர் அவர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் சாப்பிடுகிறேனா, தூங்குகிறேனா என்று விசாரிக்கிற வேலையும் வேண்டாம். தறி ஓடுகிறது. உடம்பும் ஓடுகிறது.

அம்சவேணி


ஓசூர்
24.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ "அம்சவேணி" என்று பேங்க் பாரத்தில் போடுகிற மாதிரி கையெழுத்துப் போட்டிருந்தாய். அதையே நாலு தரம் படித்தேன்.

இனி வண்டி மட்டும்.

டேங்கில் இருப்பது இரண்டு வருஷத்துப் பெட்ரோல். அது பெட்ரோலே இல்லை. முழுக்க இறக்கிக் கீழே கொட்டிவிட்டுப் புதுசு ஊற்று. அப்புறம் இடது பக்கம் எஞ்சினுக்குப் பின்னால் அலுமினிய நிறத்தில் கைப்பிடி அளவுக்கு ஒன்று இருக்கும். அதுதான் கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான். அதன் அடியில் சின்னக் கிண்ணம் மாதிரித் தொங்குவதில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். கீழே டப்பா வைத்து அதைத் தளர்த்தினால் உள்ளே தங்கிய பழைய பெட்ரோல் வடிந்துவிடும். பச்சையாகவோ பழுப்பாகவோ வரும். பயப்படாதே.

பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துத் துடை. ஏர் பில்டரைத் தட்டித் தூசியை எடு. எலி கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

பிறகு சோக்கைத் தூக்கிவிட்டு மிதி. முதலில் இருமும். பிடித்துக்கொண்டதும் லேசாக ரேஸ் கொடுத்துக்கொண்டே இரு, எஞ்சின் சூடாகட்டும். சூடானதும் சோக்கை இறக்கு. ஆக்சிலேட்டரிலிருந்து கையை மெல்ல எடு. வண்டி நின்ற இடத்தில் தானாக ஓட வேண்டும், அதுதான் ஐடிலிங். அணைந்தால், கார்புரேட்டர் பக்கவாட்டில் ஸ்பிரிங் சுற்றிய ஸ்க்ரூவை வலப்பக்கம் அரைச்சுற்றுத் திருகி மறுபடி பார்.

என்ன சத்தம் வருகிறது, எப்போது அணைகிறது என்று எழுது. "ஓடவில்லை" என்று ஒரே வார்த்தையில் எழுதாதே. எப்படி ஓடவில்லை என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

சின்னதாக ஒன்று. மிதிக்கும்போது புடவையை இழுத்துச் செருகிக்கொள். இது விசாரிப்பு இல்லை, வண்டி வேலை.

தம்பி
கதிர்வேல்


ஐயம்பேட்டை
13.10.2024

கதிர்வேலுக்கு,

ஆயுத பூஜை வேலையில் தாமதமாகிவிட்டது. தறிக்குப் பொட்டு வைத்த கையோடு துர்கா போய் வண்டிக்கும் வைத்துவிட்டாள். நான் உள்ளே போய்விட்டேன்.

நீ எழுதியதெல்லாம் செய்தேன். கிண்ணத்திலிருந்து வந்தது பெட்ரோல் இல்லை, கஷாயம். பிளக் கரிக்கட்டை. எலி இல்லை, குளவிக் கூடு இருந்தது. துர்காதான் மிதித்தாள், நான் உள்ளே அடுப்படியில் இருந்தேன். எனக்குப் புடவை பற்றிப் பாடம் சொல்ல வேண்டாம், அறுபது முழ நூலைத் தெருவில் நீட்டிப் பாவு போட்டு ஓடியவள் நான்.

ஏழெட்டு மிதியில் பிடித்தது. தெருவே புகை. சுகாசினி ஓடி வந்து "ஐயோ, வண்டி உசுரோட இருக்குதுக்கா" என்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கை தானாக அடுப்பைச் சின்னதாக்கியது. அவர் வெளியே வண்டியை ஓடவிட்டுக்கொண்டே "வேணி, டிபன் பாக்ஸ் குடும்மா, டைமாவுது" என்பாரே, அதே நினைப்பு. ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதியதை அடிக்காமல் விடுகிறேன்.

இனி கோளாறு. சோக் போட்டிருக்கும்வரை ஓடுகிறது. ரேஸ் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஓடுகிறது. சோக்கை இறக்கிக் கையை எடுத்தால் இரண்டு மூச்சு விட்டு அணைந்துவிடுகிறது. ஸ்க்ரூவை அரைச்சுற்று இல்லை, இரண்டு சுற்றுத் திருகினேன். அப்போது உறுமிக்கொண்டு நிற்கிறது, ஆனால் தெருமுனை திரும்பும்போது துர்கா வேகத்தைக் குறைத்ததும் அணைந்தது. சாமுவேல் கடையிலிருந்தே கத்தினார், "ஸ்க்ரூவ இன்னும் ஏத்தி வெச்சுக்கினு ஓட்டும்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று. ஒன்றுமில்லையாம்.

வேகத்தைக் குறைத்ததும் அணைந்தது என்று எழுதும்போதே என் பேனா நின்றது. நீ அன்று சொன்னதும் இதுதான். இரண்டு வருஷம் வெயிலில் கிடந்த வண்டி அப்படித்தான் அணையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துர்காவுக்கு முடிவாகிவிட்டது. தை மாதம் கல்யாணம். பையன் வாலாஜாபாத். கவர்மென்ட் ஆபீசில் வேலை. தட்டு மாற்றும்போது பையனின் அம்மா கேட்டார்: "பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு? மாலை போட்டு மணைக்கு இட்டுக்கினு வரணுமே." இருக்கிறான், ஓசூரில் இருக்கிறான் என்றேன். "வருவாரு இல்ல?" என்றார். நான் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்சவேணி


ஓசூர்
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

துர்கா கல்யாணச் செய்தியைப் படித்துவிட்டுக் கடையில் எல்லாருக்கும் டீ சொன்னேன். என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பெண். நான் கத்தினேன், அவள் கத்தவில்லை.

வருவாரா என்று அவர்கள் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும், இப்போதைக்கு.

நீ எழுதியதைப் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெளிவாகத் தெரிகிறது. முதலில் ஒன்றைச் சோதித்துத் தள்ளிவிடலாம். கார்புரேட்டரும் எஞ்சினும் சேருகிற இடத்தில் ரப்பர் இருக்கும். வண்டி ஓடும்போது அதன் மேல் சோப்புத் தண்ணீரை ஊற்று. சத்தம் மாறினால் அங்கே காற்று போகிறது என்று அர்த்தம். மாறாது என்றுதான் நினைக்கிறேன்.

மாறாவிட்டால் கார்புரேட்டரைக் கழற்று. பெட்ரோல் குழாயை மூடிவிட்டு இரண்டு நட்டுகளைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். அடிக் கிண்ணத்தைப் பிரித்தால் உள்ளே மிதவை இருக்கும், அதன் பக்கத்தில் பித்தளையில் இரண்டு சின்னத் திருகுகள். பெரியது ஓட்டத்துக்கு. சின்னது பைலட் ஜெட். ஆக்சிலேட்டரில் கை இல்லாதபோது எஞ்சினுக்கு உயிர் கொடுப்பது அது ஒன்றுதான். அதை மெல்லத் திருகி வெளியே எடு. வெளிச்சத்தில் பிடித்துப் பார். நடுவில் ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாது.

கவனமாகக் கேள். அதில் எதையும் விட்டுக் குத்தாதே. ஊசி, கம்பி, சரிகை, எதுவும் கூடாது. புதுப் பெட்ரோலில் ஒரு நாள் ஊறவிடு. பிறகு வெள்ளைத் துணியை அடியில் விரித்து வைத்துக்கொண்டு சைக்கிள் பம்பால் காற்றடி. உள்ளே இருப்பது துணியில் விழும். துடைத்துப் போட்டுவிடாதே. நன்றாகப் பார். என்ன விழுந்தது என்று அப்படியே எழுது.

சாமுவேலைக் கூப்பிடாதே, துர்காவையும் விடாதே. நீ உன் கையால் திற. இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

தம்பி
கதிர்வேல்


ஐயம்பேட்டை
6.11.2024

அன்புத் தம்பி கதிர்வேலுக்கு,

தீபாவளி முடிந்து துர்கா வேலைக்குப் போனபிறகு செய்தேன். சோப்புத் தண்ணீரில் ஒரு மாற்றமும் இல்லை. கழற்றினேன். மேலே தறி வேலைக்குப் போட்டிருக்கும் விளக்கடியில் உட்கார்ந்து பைலட் ஜெட்டை எடுத்தேன். அரிசி மாதிரி இருக்கிறது. வெளிச்சம் தெரியவில்லை. மறுநாள் பம்பு அடித்தேன். முதலில் பிசின் மாதிரி ஒன்று வந்தது. அடுத்த அடியில் துணியில் ஒரு துணுக்கு விழுந்தது. பளிச்சென்றிருந்தது.

சரிகை.

நகக்கண் அகலம்கூட இருக்காது. பட்டு நைந்துபோய் மேலே சுற்றிய வெள்ளித் தகடு மட்டும் சுருண்டு கிடந்தது. இரண்டு வருஷம் பெட்ரோலில் ஊறியும் முலாம் போகவில்லை. எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நம் தறியில் ஓடிய சரிகை. அந்த வாரம் முடித்துக் கொண்டுபோன அரக்குக் கூறைப் புடவையின் முந்தானைக்கு வாங்கியது.

உன் அத்தானைப் பற்றி உனக்குத் தெரியாததா? ஸ்டவ் பர்னர் அடைத்தால் சரிகை முனையை முறுக்கிக் குத்துவார். கண்ணாடியின் மரை கழன்றால் சரிகையால் கட்டுவார். கொசு மருந்து டப்பி, துர்காவின் ஜாமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். "வெள்ளிபா இது, எதுக்குள்ளயும் பூரும், எதையும் கெடுக்காது" என்பார். வண்டியிலும் பூந்திருக்கிறது. முனை உள்ளேயே முறிந்துவிட்டது. வண்டி நின்றது. நீ சொன்னது நிஜம்.

நான் துணியை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் அழுதேன். அவருக்காகவா உனக்காகவா என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக உன்னைத் திட்டாமல் ஒரு கவளம் உள்ளே போனதில்லை எனக்கு. கோவிலுக்குப் போனாலும் நீ நல்லா இருக்கக் கூடாது என்றுதான் வேண்டினேன். டீக்கடைக்காரன் பேச்சைக் கேட்டேன், கூடப் பிறந்தவன் பேச்சைக் கேட்கவில்லை.

துர்காவிடம் சொல்லிவிட்டேன். "நான் அப்பவே சொன்னேன் இல்ல, மாமா பொய் சொல்லாதுன்னு" என்று என்னை அடிக்க வந்தாள். எதிர்வீடு, சாமுவேல், எல்லாரிடமும் துணியைப் பிரித்துக் காட்டினேன். சாமுவேல் கையில் எடுத்துப் பார்த்து, "இது போதும்மா வண்டி நிக்க" என்றார்.

தை ஐந்தாம் தேதி முகூர்த்தம். நீ வர வேண்டும். முந்தின நாளே வா. மாலையை நீதான் போட வேண்டும். உன் மூஞ்சியில் முழிக்கமாட்டேன் என்ற வாயால்தான் கூப்பிடுகிறேன். பெரிய மனசு பண்ணிக்கொள். உனக்கு மோர்க்குழம்பு வைத்துத் தருகிறேன்.

உன் அக்கா
வேணி


ஓசூர்
12.11.2024

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். முதல் வரியில் "அன்புத் தம்பி" என்று பார்த்ததும் ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. எண்ணெய்க் கையோடு கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பு. பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பெரிய மனசு, அது இது என்றெல்லாம் எழுதாதே அக்கா. நீ திட்டியதில் எனக்கு வருத்தமே இல்லை. திட்டுகிற அளவுக்காவது என்னை நினைத்துக்கொண்டிருந்தாயே.

ஏன் நேராகச் சொல்லாமல் உன்னைத் திறக்க வைத்தேன் என்று யோசிப்பாய். நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாயா? செத்த மனுஷன் மேல் பழியைப் போடுகிறான் பாவி என்றுதானே சொல்லியிருப்பாய்? அதனால்தான் உன் கையால் எடுக்கட்டும் என்று விட்டேன். வேறு எவனாவது திறந்து துடைத்துப் போட்டுவிட்டால் என் கதி என்ன என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன்.

நீ அழுதாய் என்று எழுதியிருந்தாய். உனக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. அத்தான் கடைசி வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மடியில் முதலாளிக்குக் கொடுக்க வேண்டிய புடவைப் பையை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். கூட்டு ரோட்டுக்கு முன்னால் பெட்ரோல் பங்க்கில் திரும்பினேன், வண்டி ஆஃப். மிதித்து எடுத்தேன், மறுபடி ஆஃப். "அத்தான், கார்புரேட்டர்ல யாரு கை வெச்சது?" என்றேன். "நாந்தாம்பா, காலைல சரிகை முனைய உட்டு ஒரு குத்து குத்தனேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். "உடைஞ்சு உள்ள நின்னுக்கினு இருக்குது அத்தான், இது இப்டியே அணைஞ்சுக்கினுதான் இருக்கும்" என்றேன். "ரேஸ் குடுத்துக்கினே ஓட்டுப்பா, மொதலாளி கடைய சாத்திக்கினு பூடுவாரு. மெக்கானிக் மச்சான் இருக்க சொல்ல எனக்கு இன்னாபா பயம்?" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடுதான் கிளம்பினோம். அவர் ஒரு கஷ்டமும் இல்லாமல், சந்தோஷமாகத்தான் போனார் அக்கா. இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் துடித்திருப்பேன்.

ஜெட்டை இனி மாட்டிவிடு. ஸ்பிரிங் ஸ்க்ரூவை நீ ஏற்றிய இரண்டு சுற்றையும் இறக்கிவிட்டு, எஞ்சின் சூடானபிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிபண்ணு. கை எடுத்தாலும் அமைதியாக ஓடும் பார்.

தை நாலாம் தேதி காலை பஸ்ஸில் வந்துவிடுவேன். மாலைக்குப் பூக்கடையில் நானே சொல்லிவிடுகிறேன். சம்பங்கியா, ரோஜாவா என்று துர்காவைக் கேட்டு எழுது. மோர்க்குழம்பில் வெண்டைக்காய் போடு, பூசணி வேண்டாம்.

உன் தம்பி
கதிர்வேல்


ஓசூர்
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கல்யாண வேலையில் இருப்பாய். துர்காவுக்குப் போன் செய்தேன், "அம்மா எதுவும் சொல்லல மாமா, தறில உக்காந்துக்கினே இருக்குது" என்றாள். உடம்பு சரியில்லையா? பூக்கடைக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. நிறம் மட்டும் சொல்ல வேண்டும்.

வண்டி எப்படி இருக்கிறது?

தம்பி
கதிர்வேல்


ஐயம்பேட்டை
2.1.2025

கதிர்வேலுக்கு,

பூக்கடையில் சொன்னதைத் திருப்பிவிடு. மாலை வேண்டாம்.

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. அவர் சிரித்தார், உன் முதுகில் தட்டினார் என்பதை நினைத்து நினைத்து அன்றைக்கெல்லாம் தறி ஓட்டினேன். ராத்திரிச் சோறு பிசையும்போதுதான் உறைத்தது. பெட்ரோல் பங்க் கூட்டு ரோட்டுக்கு முன்னால் இருக்கிறது.

வண்டி தானாக நின்றது என்று ஊரெல்லாம் சொன்னாய். அது நிற்கும் என்று தெரிந்துதான் ஏறினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சரிகை குத்தினது அவர் தப்புத்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் தறிக்காரர். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. குத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். கை எடுத்தால் அணையும், ரோட்டைத் தாண்ட வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், இரண்டும் உனக்குத் தெரியும். உனக்குச் சோறு போடுவதே அந்தப் படிப்புதான். அதையே எனக்கு மாதக் கணக்கில் எழுதிக் கற்றுக் கொடுத்தாய். கற்றுக் கொடுத்ததால்தான் எனக்கு இன்று புரிகிறது.

மெக்கானிக் மச்சான் இருக்கும்போது எனக்கென்ன பயம் என்றாரே, அதற்கு நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டுக் கிக்கரை மிதித்தாய். அந்த இடத்தில் நீ சிரிக்காமல், "எறங்கு அத்தான், தள்ளிக்கினு தாண்டிடலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ரோடு எவ்வளவு அகலம்? அந்த முதலாளியின் கடை அன்றைக்கு மூடியிருந்தால் மறுநாள் திறந்திருக்காதா?

முன்னே நான் உன்னை வெறுத்தது எவனோ சொன்ன பொய்க்காக. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நீ போன் பேசவில்லை. லாரிக்கு முன்னால் வேண்டுமென்று நுழையவில்லை. அதெல்லாம் சரி. இப்போது எனக்கு இருப்பது வேறு. இதை எனக்கு யாரும் ஏற்றிவிடவில்லை. உன் கையெழுத்திலேயே இருக்கிறது. ஒரு மாதமாக வேறு மாதிரி படிக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

அவர் சந்தோஷமாகப் போனார் என்று எழுதியிருந்தாய். நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில் போனார்.

துர்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவளுக்கு நீ பொய் சொல்லாத மாமனாகவே இருந்துவிட்டுப் போ. உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல். பெரியப்பா மகன் யுவன் மாலை போடுவான். சம்பந்தி வீட்டில் சரி என்றுவிட்டார்கள்.

இனி எழுதாதே. நான் அன்றைக்குச் சொன்னது மூஞ்சியும் குரலும் மட்டும்தான். கையெழுத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

வண்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறது. நீ சொன்னபடியே ஸ்க்ரூவை இறக்கி வைத்தேன். கையை எடுத்தாலும் நின்ற இடத்தில் அமைதியாக ஓடுகிறது. துர்கா தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறாள். கூட்டு ரோடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் தாண்ட வேண்டும் என்று அவர் போட்டோ மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன். "வண்டிதான் இப்ப நல்லா ஓடுதேமா, எல்லாரும் பாத்து சிரிக்கிறாங்கமா" என்கிறாள். சிரிக்கட்டும் என்றேன்.

அம்சவேணி